கிளிப்பச்சைக் கதவு

முதலில் குரல்தான் கேட்டது அக்கா. கதவுக்கு வெளியே, மிமியின் குரல்.

“குட் மார்னிங் பிரெண்ட்ஸ்! மிமி ஸ்கூலுக்குப் போறேன்! பை பை!”

மிமி எங்கே இருந்தாள்? என் மடியில். இதோ இப்போது எப்படித் தூங்குகிறாளோ அப்படியேதான், வாயைத் திறந்துகொண்டு. கரண்ட் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். பிள்ளை மடியில் தூங்குகிறது, பிள்ளையின் குரல் மாடிப்படியில் கேட்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீங்க? எனக்கு ஜெபம்கூடப் பாதியில் நின்றுபோனது. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம், அடுத்த வார்த்தை வரவில்லை.

குரல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே குரல், அதே குட் மார்னிங், அதே சிரிப்பு. ராத்திரி ஏழரை மணிக்கு யார் குட் மார்னிங் சொல்வார்கள்?

அப்புறம்தான் கத்தினேன். நல்லவேளை, எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நீங்க குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு டம்ளர் காபி கொடுத்ததில்லை நான், அதற்குள் இப்படி. உட்காருங்க அக்கா. நாற்காலியில் துணி கிடக்கிறது, தள்ளிவிட்டு உட்காருங்க. சார் டியூட்டி முடிந்து பத்து மணிக்குத்தானே வருவார்? அதுவரைக்கும் இருங்க, ப்ளீஸ்.

ஒரு நிமிஷம். இந்தத் தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறேன். ம்ஹூம். அசைய மாட்டேன் என்கிறது. வீட்டு ஓனர் போன கிறிஸ்துமஸுக்குக் கதவுக்குப் பெயின்ட் அடித்தார். கதவு, தாழ்ப்பாள், திருகாணி எல்லாவற்றுக்கும் ஒரே பிரஷ்ஷால் ஒரே கிளிப்பச்சை. அன்றைக்குச் சிக்கிக்கொண்டது. இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்கிற பூட்டு இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். நிறம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போட்டோவில் அவ்வளவு அழகாக விழும்.

வெளியே நின்றது யார் என்று கேட்டீங்க இல்லையா. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாளே, அவள் பெயர் இசக்கியம்மாள். எங்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்தவள். இப்போது இல்லை. இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறாள். நான் காரணம் இல்லை. நான் என் கடமையைச் செய்தேன், அவ்வளவுதான். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் ஆறாம் வகுப்பிலிருந்து கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவள் அக்கா. அங்கே வீட்டுக்குக் கடிதம் எழுதினால் மூடாமல்தான் கொடுக்க வேண்டும். சிஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு அவங்களேதான் ஒட்டுவாங்க. ‘சாப்பாடு நல்லா இல்லை’ என்று ஒருத்தி எழுதினால் கூப்பிட்டு, ‘இதைப் படித்தால் உன் அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வருமா?’ என்று கேட்பாங்க. அவ்வளவுதான், கிழித்துவிட்டு வேறே எழுதுவோம். வெளியே போகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் நாம் பொறுப்பு என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியப்போகிறது!

அதனால்தான் எங்கள் கரஸ்பாண்டென்ட் சார் என்னைத் தேர்ந்தெடுத்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஸ்டாஃப் மீட்டிங். “டீச்சர்னா கிளாஸ்ல மட்டும் டீச்சர் இல்ல. ஸ்டேட்டஸ்லயும் டீச்சர், ஃபேஸ்புக்லயும் டீச்சர், வீட்ல குப்புறப் படுத்துத் தூங்கும்போதும் டீச்சர்”னு சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன், இசக்கி. அப்போதே குறித்துக்கொண்டேன். சார் சொன்னார், “இனிமே எல்லார் ஸ்டேட்டஸையும் ஜெனிட்டா மிஸ் கவனிப்பாங்க. பள்ளிக்கூடத்துப் பேரு கெடுற மாதிரி எது வந்தாலும் எங்கிட்ட வரும்.”

பெருமையாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்.

நானும் ஒழுங்காகத்தான் பார்த்தேன். பி.டி. சார் கடலில் குளிக்கிற போட்டோ போட்டார், சட்டை இல்லாமல். சொன்னதும் எடுத்துவிட்டார். கணக்கு மிஸ் மாமியாரைக் குத்திக்காட்டி ஸ்டேட்டஸ் வைப்பாங்க. நேரடியாக இல்லை, யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல. அவங்களும் நிறுத்திவிட்டாங்க. பயம் இருக்க வேண்டும் இல்லையா? எல்லாரும் கேட்டார்கள், இசக்கியைத் தவிர.

அவள் என்ன போடுவாள் தெரியுமா? வீடியோ. நைட்டியோடு! தோளில் துண்டு போட்டுக்கொள்வாள், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் நைட்டி நைட்டிதானே. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, கையில் கரண்டியோடு, “ஏ பிள்ளைங்களா, பித்தளைச் சொம்ப புளி போட்டுத் தேய்ச்சா ஏம்ல பளபளங்குது?” என்று ஆரம்பித்து ஆசிட், பேஸ் என்று ரசம் கொதித்து இறங்குவதற்குள் ஒரு பாடத்தையே முடித்துவிடுவாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகைச் சொறிந்துகொண்டு குறுக்கே போவார். அதற்கு ஆயிரக்கணக்கில் லைக்!

பிள்ளைகள் அவள் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். கரண்டியை ஓங்கிக்கொண்டு நிற்பாள், கீழே ‘போய்ப் படிலே’ என்று எழுத்து. ஊரெல்லாம் அந்த ஸ்டிக்கர்தான். கரஸ்பாண்டென்ட் சார் தன் மகனுக்கு, ‘எங்கே இருக்கிறாய்?’ என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு அந்த ஸ்டிக்கரையே அனுப்பிவிட்டான். நீங்க சிரிக்கிறீங்க. சார் சிரிக்கவில்லை.

என் அக்கவுண்டிலிருந்து அவளுடைய பக்கத்தைப் பார்க்க முடியாது, என்னை ப்ளாக் பண்ணி வைத்திருந்தாள். அதனால் வேறு ஒரு அக்கவுண்ட் ஆரம்பித்தேன். ‘ரோஜாப்பூ’ என்று பெயர், ஒரு ரோஜாப் படம். பொய் அக்கவுண்ட் என்று சொல்ல முடியாது அக்கா, ஆள் நான்தானே. பெயர் மட்டும்தான் வேறே. அதிலிருந்து தினமும் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி சாரிடம் கொடுத்தேன். விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை.

சார் அவளைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவள் ஒரே வார்த்தைதான் கேட்டாள்: “ரசத்துல என்ன சார் கேவலம்?”

“ரசத்துல இல்லம்மா, நைட்டில.”

“ஒங்க வீட்ல யாரும் நைட்டி போடதில்லையா சார்?”

முடிந்ததா கதை? அன்றைக்கே வரவேண்டாம் என்றுவிட்டார். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து டிபன் பாக்ஸ், குடை, செருப்பு எல்லாவற்றையும் எடுத்தாள். யாரும் நிமிரவில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்:

“வரட்டுமா, ரோஜாப்பூ?”

எப்படிக் கண்டுபிடித்தாள் என்றே தெரியவில்லை. ‘வரட்டுமா’ என்றாள் பாருங்க. போகிறேன் என்ற அர்த்தத்திலா சொன்னாள், வருவேன் என்ற அர்த்தத்திலா? நானும் எத்தனையோ ராத்திரி யோசித்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் வந்துவிட்டாள் இல்லையா!

இருங்க. ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. படியில் இல்லை? மேல்மாடியில் நாற்காலி இழுக்கிறார்களா? சரி, சரி.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை அக்கா. மிமியின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். ரெக்ஸ்டன் என்று பெயர். கிளம்பி இரண்டு மாதம் ஆகிறது. கரையில் சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவார், இல்லையென்றால் இல்லை. அவருக்காகத்தான் நான் தினமும் காலையில் மிமியை இந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தி வீடியோ எடுப்பது. யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, பை, தண்ணீர் பாட்டில். ‘குட் மார்னிங் பிரெண்ட்ஸ், மிமி ஸ்கூலுக்குப் போறேன், பை பை.’ அப்புறம் படியிறங்கி சேவியரண்ணன் ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும். பார்த்தால் அவருக்கு மனசு நிறையும்.

அவருக்கு மட்டும் அனுப்பலாமே என்கிறீங்க. அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் சொந்தக்காரர்கள் கேட்டார்கள், கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டேன். ‘மிமியின் காலை’ என்று. நான் போடுவதில் எதுவும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது அக்கா. நைட்டி கிடையாது, ஆட்டம் கிடையாது, யாரையும் குத்திப் பேசுவது கிடையாது. குழந்தை, ஒரு பைபிள் வசனம், அவ்வளவுதான். கரஸ்பாண்டென்ட் சாரே மீட்டிங்கில் எடுத்துக்காட்டி, “பாருங்க, இது டீசன்ட்”னு சொன்னார்.

எவ்வளவு பேர் அன்பாக இருக்கிறார்கள் தெரியுமா? முகம் தெரியாதவர்கள். ஒருத்தர் தினமும் முதல் ஆளாக வந்து எழுதுவார். தன் போட்டோ வைத்திருக்க மாட்டார், ஒரு விளக்குப் படம் மட்டும்தான். ‘மிமிக்குட்டி இன்னைக்கு ஏன் சிவப்பு ரிப்பன் போடல?’ என்று கேட்பார். பெற்ற தகப்பன்கூட அதைக் கவனிக்க மாட்டான். ‘மிமி அப்பா எப்போ வருவாங்க சிஸ்டர்?’ என்று ஒரு நாள் கேட்டார். இன்னும் நாலு மாதம் ஆகும் என்று பதில் போட்டேன். கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை.

ஆனால் இந்த இசக்கி சும்மா இருக்கவில்லை. போன வாரம் சேவியரண்ணன் வந்து என்ன சொன்னார் தெரியுமா? எல்கேஜி மதியமே விட்டுவிடும். அவர்தான் மிமியைக் கூட்டிக்கொண்டு போய் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கிரஷ்ஷில் விடுவார். “டீச்சரம்மா, கேட்டுக்கு வெளிய ஒருத்தன் நின்னுக்கிட்டு பாப்பாவ ‘மிமி, மிமி’ன்னு கூப்பிடுதான். கையில சாக்லேட்டு. ஒங்க சொந்தக்காரனான்னு கேட்டேன், பைக்க எடுத்துட்டுப் போயிட்டான்”னு சொன்னார்.

யோசித்துப் பாருங்க. பள்ளியில் இவள் பெயர் மிரியம். மிமி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். வெளியாளுக்கு எப்படித் தெரியும்? கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? அன்றைக்கே இசக்கியின் நம்பரை ப்ளாக் பண்ணினேன். அதற்கு முன்னால் இரண்டு நாளாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் எடுக்கவில்லை.

இன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டாள்.

“யாரது?”ன்னு கத்தினேன் இல்லையா, அது மட்டும்தான் உங்களுக்குக் கேட்டிருக்கும், நீங்க கதவைத் திறப்பதற்குள் அவள் பேசி முடித்துவிட்டாள். வெளியிலிருந்து, “நான்தான் மிஸ், இசக்கி. கரண்ட் இல்ல, பெல் அடிக்கல. இருட்டுல எல்லாக் கதவும் ஒண்ணு போலயே இருக்கு. போன்ல ஒங்க வீடியோவப் போட்டு, அந்த வெளிச்சத்துல கதவ ஒத்துப் பாத்தேன். பயந்துட்டீங்களா?” என்றாள். பயந்துட்டீங்களாவாம்!

கதவைத் திறக்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அப்புறம் அவள் சொன்னதைக் கேளுங்க. “மிஸ், ஒங்க அட்ரஸ் எனக்குத் தெரியாது. யாரையும் கேக்கல. வீடியோவப் பாத்தே வந்துட்டேன். கீழ மருந்துக்கடை போர்டு தெரியுது, ஆட்டோ நம்பர் தெரியுது, மாடிப்படி தெரியுது, இந்தக் கதவு தெரியுது. என்னாலயே வர முடியுதுன்னா எவன் வேணும்னாலும் வரலாம் மிஸ்.”

மிரட்டல்தானே அக்கா இது? நீங்களே சொல்லுங்க. ‘எவன் வேணும்னாலும் வரலாம்’ என்று ராத்திரி ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று சொன்னால் அதற்குப் பேர் என்ன?

இன்னும் இருக்கிறது. “எங்கிட்டப் படிச்ச பயலுவ ஒண்ணு அனுப்பிருக்கானுவ. ஒங்க பிள்ள படத்தையெல்லாம் எவனோ எடுத்து வச்சு ஒரு பக்கம் நடத்துதான். பிள்ள எந்த ஸ்கூலு, எத்தன மணிக்கு வெளிய வரும், அப்பா ஊர்ல இல்ல, எல்லாம் எழுதிருக்கான். கீழ கமெண்ட்ல வந்து சொல்லுதவன் ஒவ்வொருத்தனும்… வாயால சொல்ல முடியல மிஸ். அன்பிளாக் பண்ணுங்க, ஒங்களுக்கு அனுப்புதேன், பாருங்க. போலீஸ்ல சொல்லுங்க, நானும் கூட வாரேன்.”

நான் கதவைத் திறக்கவே இல்லை. ஏனென்றால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை நடத்துவதே இவளாக இருந்தால்? வேறு பெயரில் ஒளிந்துகொண்டு அக்கவுண்ட் ஆரம்பிக்கிறவர்கள் எதற்கும் துணிந்தவர்கள் அக்கா. அப்படிப்பட்டவர்களுக்கு மனசாட்சியே கிடையாது.

ஏன் அக்கா என்னை அப்படிப் பார்க்கிறீங்க?

அழுதுகொண்டே இறங்கினாளா? நீங்க பார்த்தீங்களா? நடிப்பு. வீடியோவில் பார்த்திருக்கிறேனே, வெங்காயம் உரித்துக்கொண்டே அழுவாள், அதிலும் ஒரு கெமிஸ்ட்ரி சொல்வாள்.

அன்பிளாக் பண்ணிப் பார்க்கவில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டுமா? அவள் அனுப்புவதைப் பார்த்தால் அவள் பேச்சை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எதை அக்கா அழிக்கச் சொல்றீங்க? வீடியோக்களையா? எல்லாவற்றையுமா? அதில் என்ன கேவலம் இருக்கிறது? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, அதை எடுத்துப் போடுகிறேன். அவள் போட்டதும் நான் போடுவதும் ஒன்றா? கரஸ்பாண்டென்ட் சாரிடம் வேண்டுமானால் கேளுங்க.

ஆ, கரண்ட் வந்துவிட்டது. மாதாவே, இப்போதுதான் உயிர் வந்தது. ஃபேனைக் கூட்டி வைக்கிறேன், வேர்வையில் ஊறிவிட்டாள் பிள்ளை. புரண்டு படுக்கிறாள் பாருங்க. எதுவும் தெரியாது இதற்கு. சின்னப் பாதம், எவ்வளவு சூடாக இருக்கிறது. இதற்கு ஒன்று என்றால் நான் இருக்க மாட்டேன் அக்கா. கப்பலிலிருந்து வருகிற மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இல்லை, யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. நீங்க வருவதற்கு முன்னாலேயே, அந்த இருட்டில், போனில் மிச்சமிருந்த கொஞ்ச டேட்டாவில் ஒன்று போட்டேன். பிள்ளை தூங்குகிற போட்டோ. ‘கதவருகே சத்தம். நானும் என் தேவதையும் தனியாக. எங்களுக்காக ஜெபியுங்கள்.’ அவ்வளவுதான். வேறு யாரிடம் சொல்வேன் சொல்லுங்க? சொன்னால்தானே ஜெபிப்பார்கள்? இப்போது வை-ஃபை வந்ததும் எல்லாம் வந்து விழுகிறது. பாருங்க, எத்தனை கைகூப்பல். எங்கள் கான்வென்ட் சிநேகிதி மதுரையிலிருந்து, ‘கர்த்தர் துணை’ என்று போட்டிருக்கிறாள்.

இதோ அவரும் எழுதியிருக்கிறார். விளக்குப் படக்காரர். எல்லாருக்கும் முன்னால் அவர்தான். படிக்கிறேன், கேளுங்க:

‘பயப்படாதீங்க சிஸ்டர். நான் பக்கத்துலதான் இருக்கேன்.’

பாருங்க, எவ்வளவு நல்ல மனுஷர். உலகத்தில்…

என்ன அக்கா? ஏன் எழுந்துவிட்டீங்க?

எந்த ஊர்க்காரரா? தெரியாது. கேட்டதில்லை. பெயரா… விளக்குப் படம்தான் இருக்கிறது. ‘பக்கத்துல’ என்றால் சும்மா ஆறுதலுக்குச் சொல்வதுதானே. ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி… அந்த மாதிரித்தானே?

இல்லை, இவர் என் வீட்டைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும், வீடியோவில் தவிர.

அக்கா.

அக்கா, கீழே பைக் சத்தம் கேட்டதா? மருந்துக்கடைக்கு வந்தவர்களாக இருக்கும். இந்த நேரத்துக்கு நிறையப் பேர் வருவார்கள். ஆனால் சத்தம் நின்ற பிறகு யாரும் பேசுகிற மாதிரி இல்லையே. படியில் லைட் போட்டார்களா?

நீங்க உங்கள் வீட்டுக்குப் போகாதீங்க. இங்கேயே இருங்க, உள்ளே வாங்க. அந்த நாற்காலியை விடுங்க, இங்கே வந்து கதவைப் பிடியுங்க. தோளைக் கொடுத்துத் தள்ளுங்க அக்கா, இறுக்கித் தள்ளினால்தான் ஓட்டைக்கு நேரே வரும். மெதுவாக, பிள்ளை எழுந்துவிடும். இல்லை இல்லை, பலமாகத் தள்ளுங்க, எழுந்தால் எழுந்துவிட்டுப் போகட்டும். பெயின்ட் உதிர்கிறது, நகம் போனால் போகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு…

விழுந்துவிட்டது அக்கா. தாழ்ப்பாள் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது.